வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த கீபோர்டு

போன வாரம் எதிர் ஃப்ளாட்டுக்கு நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் கட்டடத்துக்குப் பெட்டி வராத நாளே கிடையாது. ஆனால் இதைக் கதவருகிலேயே பிரித்தார்கள். புது பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் கலந்த வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டது. கோயம்புத்தூர்க் குடும்பம். "பொண்ணு கீபோர்டு கத்துக்கணும்ங்கறா சார். ரெண்டு ஆர்டர் போட்டிருக்கேன், புடிக்காததைத் திருப்பி அனுப்பிக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். பல் தேய்க்கிற நேரத்தில் போனிலேயே தேர்ந்தெடுத்தாராம். எனக்கு ஒரு கீபோர்டு தேர்ந்தெடுக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

தென்காசியிலிருந்து நான் வேலைக்கு வந்த புதிது. அறையில் கூட இருந்த இருவரும் தெலுங்குக்காரர்கள், நல்ல பிள்ளைகள், சனிக்கிழமை ஆனால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அப்புறம் நானும் தண்ணீர் கேனும்தான். அலுவலகத்தில் ஆங்கிலம், மெஸ்ஸில் விரல் நீட்டிச் சாப்பாடு. அம்மாவிடம் போனில் பேசி முடித்தால் எனக்கு அன்றைய தமிழ் முடிந்தது. எதையாவது கற்றுக்கொண்டால் பொழுது போகும் என்று தோன்றியது. ஏன் கீபோர்டு என்று கேட்காதீர்கள். புல்லாங்குழலுக்கு மூச்சு வேண்டும், வயலினுக்குப் பொறுமை வேண்டும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் வந்துவிடும். சோம்பேறியின் கணக்கு.

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் இசைக்கருவிக் கடை இருந்தது. கவுண்டரில் நின்ற பெண்மணி நான் உடைத்து உடைத்துப் பேசிய இந்தியைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு, "தமிழா? எந்த ஊரு தம்பி?" என்றார்.

"தென்காசி."

"நாங்க பாளையங்கோட்டை. தாத்தா பட்டாளத்துல சேர்ந்து போலாரம் வந்தாவ. நான் பாளையங்கோட்டையப் பாத்ததே இல்ல."

பார்க்காத ஊரின் 'வந்தாவ' மட்டும் அந்த நாக்கில் அப்படியே இருந்தது. பெயர் மெர்சி. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

நான் முதலில் கைவைத்தது குட்டிக் கட்டைகள் உள்ள ஒன்றில். "அது நக்கோ தம்பி, வெளையாட்டுச் சாமான். வெரலு பழகாது" என்று ஒதுக்கிவிட்டார். நக்கோ என்றால் இந்த ஊர் இந்தியில் வேண்டாம். "அறுபத்தோரு கட்டை இருக்கணும். மெதுவா அழுத்துனா மெதுவா, ஓங்கி அழுத்துனா ஓங்கிக் கேக்கணும். ஹெட்போன் மாட்டுத ஓட்டை இருக்கான்னு பாருங்க. ஐநூறு வாத்தியம் கேக்கும்னு பெட்டியில போட்டிருப்பான். நீங்க மூணத்தான் தொடுவீங்க."

"யோசிச்சுட்டு வாரேன்க்கா" என்று கிளம்பினேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவர் காட்டியது என் சம்பளத்துக்கு எட்டுகிற விலைதான். வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

அதனால் வாரம் ஒரு சந்தேகத்தோடு பஸ் ஏறினேன். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுமா? ஸ்டாண்டு வேண்டுமா, மேஜை போதுமா? அவர் காலை ஆராதனை முடிந்து நல்ல சேலையிலேயே கடைக்கு வந்திருப்பார். பேச்சு கீபோர்டை விட்டு மழைக்குப் போகும், அங்கிருந்து புளிக்குழம்புக்கு. "வீட்டுக்காரரு தெலுங்கு. பசங்ககிட்ட நான் தமிழ்ல கேட்டா தெலுங்குலதான் பதில் சொல்லுதாங்க" என்றார் ஒரு நாள். சந்தேகம் தீர்ந்துபோய் நான் திணறிய ஒரு ஞாயிறு அவரே, "கறுப்பா, வெள்ளையா? கலர நீங்க யோசிக்கவே இல்லயே" என்று எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அவசரமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

முதலாளிக்கு அவசரமிருந்தது. ஒரு நாள் உள்ளேயிருந்து, "லேரா கி நக்கோ?" என்று குரல் கொடுத்தார். வாங்கப்போகிறானா இல்லையா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. மெர்சி அக்கா முகம் சுருங்கிவிட்டது.

"இன்னைக்கு எடுத்துருங்க தம்பி. இனியும் சும்மா நின்னா என்னையத்தான் கேப்பாரு."

முதலாளி மேல்தட்டில் இருந்த விலை கூடியதைக் காட்டினார். அக்கா அதைக் காதில் வாங்காமல், முதல் நாள் சொன்னதையே எடுத்துப் பெட்டியில் வைத்து, கைப்பிடி வரும்படி கயிறு கட்டினார். "ஒரு பாட்டு பழகிட்டு வந்து சொல்லுங்க, என்ன" என்றார்.

அறைக்கு வந்து பிரித்து ஒரு கட்டையை அழுத்தினேன். ஹெட்போன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கேட்க அங்கே ஆளில்லை.

ஒரு பாட்டைத் தடங்கலில்லாமல் வாசிக்க வந்தபிறகு, சொல்லப் போனேன். கவுண்டரில் வேறொருவர் நின்றார். மெர்சி வேலையை விட்டுவிட்டார், சைனிக்புரியில் ஏதோ ஸ்கூலில் சேர்ந்திருக்கிறார் என்றார் முதலாளி. எந்த ஸ்கூல் என்று அவருக்குத் தெரியவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரத்தான் போகிறது, அவரும் இருக்கத்தான் போகிறார் என்ற நினைப்பு.

அடுத்த வாரம் போலாரத்துக்குப் பஸ் ஏறினேன். பட்டாள மதில்கள், பெரிய மரங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட சர்ச்சுகள். தமிழ்ப் பாட்டு கேட்ட ஒன்றின் கேட்டருகே ஆராதனை முடியும்வரை நின்றேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. பெரியவர் ஒருவர் நின்று, "புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பிவிட்டேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் ஷோரூம். உள்ளே நுழைந்தால் சீருடை போட்ட ஒருவர் சிரித்தபடி வந்து என்ன வேண்டும் என்கிறார். சும்மா பார்க்க வந்தேன் என்றால், அடுத்தவரிடம் போய்விடுகிறார்.