ஒரு ட்யூனரும் ஒன்பது பேரும்

வீடியோ ரெக்கார்டரை விற்கிறவர் கடையிலேயே இருந்துவிடுவார். அதை வீட்டில் மாட்டிக் கொடுக்கப் போகிறவன்தான் ஏச்சு வாங்குவான். எனக்கு அதிகமாக ஏச்சு வாங்கிக் கொடுத்தவர் சாமுவேல். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சிராங்கூன் ரோட்டில் நாங்கள் வேலை பார்த்த கடையில் அவர் சேல்ஸ்மேன், நான் ஃபிட்டர். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர் அவர். நல்ல குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் ஆட்கள் நம்பினார்கள். அவர் எல்லாருக்கும் சொன்னது ஒன்றுதான்: "ஒன்ன ரெக்கார்ட் பண்ணுங்க, இன்னொன்னப் பாருங்க. வீட்ல சண்டையே வராது லா."

அது பாதி உண்மை. டிவி நிலையத்தைப் பிடிக்கிற உறுப்புக்கு ட்யூனர் என்று பெயர். ரெக்கார்டருக்குள் ஒரு ட்யூனர், டிவிக்குள் ஒரு ட்யூனர். ரெக்கார்டர் தன் பாட்டுக்கு ஒன்றைப் பதிந்துகொண்டிருக்க, எழுந்து போய் டிவியின் குமிழைத் திருப்பினால் வேறொன்றைப் பார்க்கலாம். ஆனால் யார் எழுந்து போவார்கள்? அப்போது டிவிக்கு ரிமோட் கிடையாது. புது ரெக்கார்டருக்கோ நீளமான ஒயரோடு ஒரு ரிமோட் இருந்தது. ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதில்தான் நிலையம் மாற்றினார்கள். நாங்கள் விற்ற மெசினில், பதிந்துகொண்டிருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்தினால் பதிவதும் மாறிவிடும்.

இதைச் சாமுவேல் சொல்லமாட்டார். நான் வீட்டுக்கு வீடு சொல்வேன். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கிறவன் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று, என்னைப் போல வீடு வீடாகப் போய் வேலை செய்த உங்களுக்குத் தெரியாதா?

கதவுக்குப் பின்னால் யார்?

செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த மாரிமுத்து, மெசின் மாட்டிய வாரமே கடைக்குப் போன் போட்டார். போய்ப் பார்த்தேன். ஒயரெல்லாம் நான் மாட்டியபடியே இருந்தது. அவர் வேலைக்குப் போகும்போது தமிழ்ப் படத்தைப் பதியப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் இருந்த மாமனாருக்கு மல்யுத்தம் என்றால் உயிர். ரிமோட்டை எடுத்து மல்யுத்தத்துக்கு மாற்றியிருக்கிறார், அது முடிந்ததும் நல்ல பிள்ளையாகத் தமிழ்ப் படத்துக்கே திருப்பி வைத்திருக்கிறார்.

நான் டிவியின் குமிழைக் காட்டி விளக்கினேன். மாமனார் என் முகத்தையே பார்க்கவில்லை. மாரிமுத்து டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, கதாநாயகி அழுதுக்கிட்டே கதவத் தெறக்குறா. உள்ள ரெண்டு தடியனுங்க ஜட்டியோட கட்டிப் புரளுறானுங்க. என் பொண்டாட்டி இன்னும் சிரிச்சிக்கிட்டு இருக்கா, நான் எங்க போய்ச் சொல்றது?"

ஒன்பது பேர் வீடு

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். பெரியவர் அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போவதற்குள் மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்திருந்தார். மாட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர். ஒருவருக்கு ஆங்கிலச் செய்தி, ஒருவருக்குத் தமிழ் நாடகம், பிள்ளைகளுக்கு மலேசிய நிலையத்துக் கார்ட்டூன். இரண்டைப் பதிந்துகொண்டு மூன்றாவதைப் பார்க்கலாம் என்று சாமுவேல் அவர் மருமகளிடம் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் பாதி உண்மைகூட இல்லை.

ஏச்சு விழப் போகிறது என்று நினைத்துக்கொண்டே, "ஐயா, ரெண்டு பதியணும்னா ரெண்டு மெசின் வேணும்" என்றேன். மருமகள் முகம் கறுத்துவிட்டது. பெரியவர் ரிமோட்டின் ஒயரை மெசினிலிருந்து உருவிச் சுருட்டினார். அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இனி நிலையம் மாற்ற வேண்டுமானால் எல்லாரும் எழுந்துதான் போக வேண்டும். அந்த வீட்டிலிருந்து மட்டும் எனக்கு ஒரு புகாரும் வந்ததில்லை. என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டுச் சொன்னார்: "தம்பி, ஒரு குளியலறையோட ஒன்பது பேரும் நேரத்துக்கு வெளிக்கிட்டுப் போறம். ஒரு ட்யூனர் எங்களுக்குத் தாராளமாக் காணும்."

கேட்டுப் பார்த்தேன்

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சாமுவேலிடம் மரியாதையாகவே சொன்னேன். விற்கும்போதே அந்த ரிமோட் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் போகிற இடத்தில் பொய்யன் மாதிரி நிற்கவேண்டியிருக்கிறது என்றேன். அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் வீட்டுக்குப் போறீங்களே அண்ணே, அங்க சொல்லிக்குங்க. இங்க சொன்னா அவங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க."

பரிமளத்தின் மகள்

சுவா சூ காங்கில் புது வீட்டுக்குப் போன குடும்பம் அது. கணவர் குமரேசன் பஸ் ஓட்டுகிறவர், மனைவி பரிமளம். மகள் கவிதா டிவியின் தீபாவளி நிகழ்ச்சியில் நடனம் ஆடியிருந்தாள். அதற்காகவே மெசின் வாங்கினார்கள். நான் குமரேசனை உட்காரவைத்து, ரிமோட்டைத் தொடாதீர்கள், குமிழைத் திருப்புங்கள் என்று செய்தே காட்டினேன். அவரும் தலையாட்டினார்.

தீபாவளியன்று அவருக்கு ஷிஃப்ட். அப்பா வந்த பிறகு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று கவிதாவே சொல்லியிருக்கிறாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். நிகழ்ச்சி ஆரம்பித்ததும் பதியப் போட்டார்கள். அதுதான் பதிகிறதே, இன்னொன்றைப் பார்க்கலாம் என்று சாமுவேல் சொல்லியிருக்கிறாரே, என்று பரிமளத்தின் அண்ணன் ரிமோட்டை அழுத்தி மலேசிய நிலையத்தில் கால்பந்து வைத்தார். எல்லாரும் முறுக்கு தின்றுகொண்டு பந்தைப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்து குமரேசன் வந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் முன்னால் உட்கார்ந்தார். டேப்பைப் போட்டால் முதலில் ஒரு குத்துவிளக்கு, அப்புறம் பந்து, கடைசி வரை பந்து. கவிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

மறுநாள் பரிமளம் டேப்போடு கடைக்கு வந்தார். முதலாளி சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல், பூசையில் வாசிக்கிற அதே குரலில், "ஃபிட்டர் ஒயர மாத்திக் குடுத்திருப்பாரு பாஸ்" என்றார். அன்றே நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. நான் செய்து காட்டியதைக் குமரேசனும் ஒப்புக்கொண்டார். திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். விற்றது சாமுவேல், ஒயரில் தப்பில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும், நம்புகிறேன் என்றார் முதலாளி. சாமுவேல் சொல்லவில்லை. என்னை ஃபிட்டர் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். இன்றைக்கும் ஸ்டோரில்தான் பெட்டி அடுக்குகிறேன்.

பரிமளம் அன்று கடையில் சத்தம்கூடப் போடவில்லை. டேப்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "என் மக ஆடுனத ஊரே பார்த்துச்சு. நாங்க மட்டும் பந்து பார்த்தோம்."

டோபி காட்டில்

சாமுவேல் பிறகு எங்கள் கடையை விட்டு நாற்காலி மேசை விற்கப் போய்விட்டார். போன மாதம் டோபி காட் ரயில் நிலையத்து நகரும் மின்படிக்கட்டில் எனக்கு முன்னால் நின்றார். கூடப்பிறந்தவனைப் பார்த்த மாதிரி தோளில் கை போட்டார். விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார். புது ரெக்கார்டர் வாங்கியிருக்கிறாராம். மனைவிக்கும் மாமியாருக்கும் தினம் சண்டையாம். வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்றார்.

முதலாளி இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஒயரில் தப்பில்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், நான் அப்படியே உங்களோடு வருகிறேன் என்றேன். சாமுவேல் தோளிலிருந்து கையை எடுத்தார். "அந்தக் கதைய இன்னுமா வச்சிருக்கீங்க? அத விடுங்கண்ணே. ஒன்னப் பதிஞ்சிக்கிட்டே இன்னொன்னப் பார்த்தா, பார்த்ததுதான் பதியுது. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க."

சாமுவேல் அந்த ஒரு வார்த்தையை முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் வீட்டு டிவியில் எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும் என்று நானும் இன்னும் சொல்லவில்லை.