செல்லதுரை சொன்ன ஒரே பொய்

செல்லதுரைக்குப் பொய் சொல்ல வராது. ஒரத்தநாட்டுப் பக்கம் அவர் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஊர் கேலி பேசுவதற்கும் அதுதான் விஷயம். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகப் பிடிக்காமல் அவர் மனைவி செவ்வந்தி, "எனக்கு ஒடம்பு முடியலன்னு சொல்லிட்டு வாங்க" என்று அவரை மட்டும் அனுப்பினாள். போனவர் பந்தியில் உட்கார்ந்து, "அவளுக்கு வர இஷ்டமில்லீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை சாம்பார் கேட்டார். வாய்க்கால் தண்ணீரில் யாருடைய முறையை யார் திருப்பிவிட்டது என்று சண்டை வந்தால், இரண்டு தரப்பும் சாட்சிக்குக் கூப்பிடுவது அவரைத்தான். அப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னார். அது அவருடைய மகளின் உயிரைக் கொண்டுபோய்விட்டது.

அவருடைய அப்பா அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு நின்றவர். செல்லதுரை ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போடுகிறார். ஒரு கறவை மாடு உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு பிறந்தவள் செம்மொழி. அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் வண்டியில் தொற்றிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவாள். அவர் மாட்டுக்குப் புல் அறுப்பார். அவள் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவாள். வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குவார். பல நேரம் அவர் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருக்கும்.

"புள்ளையத் தூக்கறப்பவாவது அந்தக் கருமத்தத் தூக்கி எறியுங்களேன்" என்று செவ்வந்தி தலையில் அடித்துக்கொள்வாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு வாரத்தில் செம்மொழிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மருந்தில் ஓடியது. நாலாம் நாள் காலை செவ்வந்தி அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்குச் சட்டை மாற்றிய செல்லதுரை அதைப் பார்த்தார். இடது அக்குளுக்குள் மிளகளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். பீடி நெருப்பு பட்ட இடம் எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது? தீப்புண்ணுக்கு வாங்கி வைத்திருந்த களிம்பைத் தடவி, அவசரமாகச் சட்டையை மாட்டிவிட்டார். செவ்வந்தியிடம் மூச்சு விடவில்லை.

அன்று மத்தியானமே தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைகள் வார்டு முழுக்கக் காய்ச்சல்தான். ஒரு கட்டிலில் டெங்கு, ஒரு கட்டிலில் டைபாய்டு, இன்னதென்றே பிடிபடாமல் நாலைந்து கட்டில். பக்கத்துக் கட்டிலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண். அவள் அம்மாவிடம் எப்படிக் கொட்டியது, யார் பக்கத்தில் இருந்தது என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். ஒரு போலீஸ்காரரும் வந்து எழுதிக்கொண்டு போனார். செல்லதுரை அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

டாக்டர் ஜெயபாரதி பொறுமையாக விசாரித்தார். "வயக்காடு, புதர்ப் பக்கம் போவாளா?"

"போவாங்க டாக்டரம்மா. எங்கூடதான் வருவா."

"ஒடம்புல எங்கயாவது கருப்பா பொருக்கு மாதிரி பாத்தீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் டாக்டரே காதுக்குப் பின்னால், வயிற்றில், தொடையிடுக்கில் எல்லாம் தேடினார். செம்மொழி அப்பாவின் தோளில் துவண்டு கிடந்தாள். அவளுடைய இடது கை அவர் நெஞ்சோடு ஒடுங்கியிருந்தது.

"இந்தக் கையக் கொஞ்சம் தூக்குங்க."

"இப்பத்தாங்க சட்டை மாத்துனேன். அங்க ஒண்ணுமில்லீங்க."

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பொய் சொல்லிப் பழகாத முகத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அந்த நேரம் பார்த்து எதிர்க் கட்டிலில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தது. டாக்டர் அங்கே ஓடினார்.

டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று முடிவுகள் வந்தன. மற்றவை வர வேண்டியிருந்தது. ஏற்றிய மருந்துக்குக் காய்ச்சல் மசியவில்லை. மூன்றாம் நாள் மூச்சு இரைத்து, நினைவு தப்பியதும் பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் ஷிஃபாதான் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஜெயபாரதி வெளியே வந்தபோது செவ்வந்தி வாசலில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"உண்ணிக் காய்ச்சல்ங்க. புல்லு புதர்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. மருந்து ஆரம்பிச்சிட்டோம். முதல்லயே தெரிஞ்சிருந்தா சட்டுனு கேட்டிருக்கும். இப்ப ரொம்பத் தீவிரமாயிடுச்சு."

"அப்ப அது பீடி சுட்டது இல்லீங்களா?"

"பீடியா? இல்லைங்க, அது பூச்சி கடிச்ச எடம்."

ஒரு நொடி செல்லதுரையின் நெஞ்சு லேசானது. அந்த ஒரு நொடிக்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. அடுத்த நொடியே டாக்டர் கேட்டதும் தான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. மறுநாள் காலை பதினொரு மணிக்குச் செம்மொழி போய்விட்டாள்.

ஊர் டாக்டர்களைத் திட்டியது. செவ்வந்தி யாரையும் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். சோற்றில் கைவைத்தால் அழுகை, பிள்ளையின் துணியைப் பார்த்தால் அழுகை. "தெனம் குளிப்பாட்டுனவ நானு. ஒரு நாளாவது கையத் தூக்கிப் பாத்தனா? நானெல்லாம் ஒரு அம்மாவா?" என்று ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டுச் செல்லதுரை பாதியாகிவிட்டார். பீடியை விட்டார், பேச்சையும் விட்டார். ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் மறுபடியும் அதையே ஆரம்பித்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"நீ பாக்கலன்னு சொல்லாத. நான் பாத்தேன். அன்னிக்கிக் காலையிலயே பாத்தேன்" என்றார்.

களிம்பு தடவியது, சட்டையை மாட்டியது, டாக்டரிடம் இல்லை என்றது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மருந்து தடவுனீங்களே, அப்பக் கத்துனாளா?"

"இல்ல. கூசுதுப்பான்னு சிரிச்சா."

செவ்வந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"நெருப்பு சுட்ட எடத்துல கை வச்சா எந்தப் புள்ள சிரிக்கும்?" என்றாள்.