தாளிக்காத ரசம்

1978-ல் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள் நான். வயசு இருபத்தாறு, வாய் மட்டும் ஐம்பது. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு.

அந்த வருஷம் பாடத்தில் ஒரு சிறுகதை. ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுவிடுகிறது. வாசலில் வேப்பிலை செருகியதும் தெருக்காரர்கள் யாரும் உள்ளே போவதில்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் கடுகு வெடிக்கும் சத்தமே இல்லை என்று நடுவில் ஒரு வரி வரும். நோய் வந்தால் மனிதர்கள் எப்படிக் கல்லாகிறார்கள் பாருங்கள், பயத்தில் அடுப்பைக்கூட மூட்டவில்லை என்று வகுப்பில் விளாசித் தள்ளினேன்.

பரீட்சையில் எல்லாரும் அதையே எழுதினார்கள். லால்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். அம்மை கண்டவர்களுக்குத் தாளிக்கிற நெடி ஆகாது, அதனால் தெருவே தாளிக்காமல் சாப்பிட்டது, அது பயமில்லை, பிரியம் என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினது காதில் விழவில்லையா? ‘சொந்தக் கற்பனை வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதி, பத்துக்கு இரண்டு போட்டேன். பேப்பரை வாங்கியபோது அவள் முகம் விழுந்துபோனது. நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த மாசமே எனக்கு அம்மை போட்டுவிட்டது.

பாலக்கரையில் ஒரு காம்பவுண்டில் நாலு போர்ஷன், அதில் ஒன்றில் நான் தனியாக இருந்தேன். போர்ஷனுக்கு இடையே இருந்த சுவர் கூரை வரைக்கும்கூடப் போகாது. வீட்டுக்காரம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே வேப்பிலை கொண்டுவந்து என் வாசலில் செருகினார். காலி பண்ணச் சொல்லிவிட்டால் எங்கே போவேன்? கூப்பிட்டால் ஓடிவர நெருங்கின சொந்தம் என்று எனக்கு யாருமில்லை.

வீட்டுக்காரம்மா மட்டும் வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி அரவமே இல்லை. காலையில் ஆறரைக்கே அமர்க்களப்படுகிற அடுப்படிகள் ஓய்ந்து கிடந்தன. எனக்குப் பயந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். நான் நடத்தின கதை எனக்கே நடக்கிறது என்று அழுதேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து போர்ஷன்காரர் குரல் கேட்டது.

"இன்னிக்கும் தாளிக்காத ரசமா? நாக்கு செத்துப்போச்சு."

"மெதுவாப் பேசுங்க," என்றார் அவர் மனைவி. "டீச்சருக்குச் சத்தமும் ஆகாது, நெடியும் ஆகாது. மூணாம் தண்ணி ஊத்தட்டும், அப்பளம் வடகம் எல்லாம் பொரிச்சுப் போடறேன்."

அப்புறம் அவர் சோற்றைப் பிசைகிற சத்தம்தான் கேட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சிவப்பு மை இரண்டு கண் முன்னால் வந்து நின்றது.

அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். எனக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று, மூன்று வீட்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. மிளகாய் நெடியில் தும்மித் தீர்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் தும்மியதே இல்லை.

கல்லூரிக்குப் போன முதல் நாளே அந்தப் பெண்ணின் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும், நான் நடத்தினது தப்பு, இவள் எழுதினதுதான் சரி என்று சொல்லி, இரண்டை அடித்து ஒன்பது போட்டேன். அவள் சிரித்தாள்.

"இது வேற யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். முக்கால்வாசிக் கைகள் எழுந்தன.

"அப்புறம் ஏன் யாரும் எழுதலை?"

"நீங்க நடத்தினதை எழுதினாத்தானே மிஸ் மார்க்கு," என்றாள் முதல் பெஞ்சுக்காரி, ரொம்ப சாதாரணமாக.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் எத்தனையோ கதைகள் நடத்திவிட்டேன். உங்க வீட்டில் இதை எப்படிச் செய்வீங்க என்று முதலில் பிள்ளைகளைக் கேட்காமல், ஒரு கதைக்குக்கூட நான் விளக்கம் சொன்னதில்லை.