இரண்டு பேருக்கு ஒரு பயணச்சீட்டு

"நேர்முகப் பரீட்சைக்கு வருவோரின் பஸ் கட்டணம் திருப்பித் தரப்படும். பயணச்சீட்டை ஒப்படைக்கவும்." கண்டியில் நான் வேலை செய்யும் சட்ட அலுவலகத்தின் அழைப்புக் கடிதம் இப்படித்தான் முடியும். சீட்டைச் சரிபார்த்துப் பணம் கொடுப்பது என் பொறுப்பு. யார் எங்கிருந்து எந்த பஸ்ஸில் வந்தார்கள் என்று பார்ப்பதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

ஒரு போயா விடுமுறைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வேலை என்பது மாத்தளை, தெல்தெனிய நீதிமன்றங்களுக்குப் போய் வழக்கேடுகளைப் பார்த்து வருவது. முன்பு அதைச் செய்தவர் துணையில்லாமல் போக முடியாதென்று விலகியிருந்தார். அதனால் எங்கள் பெரிய சட்டத்தரணி எல்லோரிடமும் முதலில் அதையே கேட்டார்.

"தனியாப் போவீங்களா?"

"போவேன் சேர்."

அவள் சொன்னது திறந்திருந்த கதவு வழியாக எனக்குக் கேட்டது. அதே நேரம் வழக்குக் கட்சிக்காரர்கள் உட்காரும் கதிரையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் இருந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்றேன்.

"காணிக் கேஸுங்க மிஸ்."

"எந்தக் காணி?"

"காணி இல்லீங்க. அதான் கேஸு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன்.

வெளியே வந்த பெண் அவர் பக்கம் திரும்பாமலே சீட்டை நீட்டினாள். பஸ்ஸில் மெஷினில் அடித்துக் கொடுக்கும் சீட்டு. அதில் பயணிகள் இரண்டு என்று இருந்தது.

"ரெண்டு பேருக்கு எடுத்திருக்கீங்களே?"

"கண்டக்டர் மாத்தி அடிச்சிட்டாரு மிஸ்."

"அவன் சரியாத்தான் அடிச்சான்," என்றார் கதிரைக்காரர். "பொய் சொல்லாத புள்ள, லோயர் ஆபீஸு இது."

"அப்போ காணிக் கேஸு மட்டும் உண்மையா, அப்பா?" என்றாள் அவள்.

அவள் என் பக்கம் குனிந்தாள். "நான் தனியாத்தான் கெளம்புனேன் மிஸ். பஸ்ஸு எடுக்கறப்போ ஓடி வந்து ஏறிட்டாரு. சேர் பாத்தா வேல போயிரும். காசு வேணாம், சீட்டத் தாங்க."

கொடுக்க நான் தயார்தான். சீட்டை நீட்டியும்விட்டேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்ல மிஸ், இருக்கட்டும். அப்பா வந்தாருன்னே எழுதிருங்க," என்றாள்.

ஒருவரின் கட்டணத்தைக் கொடுத்தேன். சீட்டைப் பயணச் செலவுப் படிவத்தில் குத்தி, கீழே 'மற்றவர் தந்தை' என்று எழுதி, அவளுடைய கோப்பில் வைத்து பெரிய சட்டத்தரணியின் மேசைக்கு அனுப்பினேன்.

மாலையில் கோப்பு திரும்பி வந்தது. பயணச் செலவுப் படிவத்திலும் கையெழுத்து இருந்தது, அவளுக்கான நியமனக் கடிதத்திலும் இருந்தது. அடுத்த வாரமே அவள் வேலைக்கு வந்தாள்.

சீட்டைப் பார்த்த பிறகுதான் பெரிய சட்டத்தரணி நியமனத்தில் கையெழுத்திட்டாரா? ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "எந்தச் சீட்டு?" என்றார், தலை நிமிராமல். இரண்டு கையெழுத்தும் ஒரே பேனாவில் போட்டவை. எது முதலில் என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.