இடது ஒடித்தால் வலது

வங்காளத்தில், கரியாஹாட்டில் அப்பளக் கடை நடத்தும் ரங்கநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமையானால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். அவள் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு சாந்த்ராகாச்சியைத் தாண்டி, ரோடே இல்லாத இடத்தில் எருமை மாதிரி சேற்றில் புரளப் போவாள்.

சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி அவள் தோளைப் பதம் பார்த்தது. "இனிமேல் அதைத் தொடவே கூடாது" என்றார் டாக்டர். அவள் டாக்டரை மாற்றினாள். புது டாக்டரும் அதையே சொன்னதால், ஸ்டீயரிங்கை மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

எண்ணெய் அழுத்தத்தில் லேசாகத் திரும்பும் புது ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ஜீப்பைவிட விலை அதிகம். ஆகவே மெக்கானிக் சுஜித்தோடு காயலான் கடைகளை அலசி, உடைத்துப் போட்ட, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்டிலிருந்து வால்வையும் சிலிண்டரையும், ஒரு பழைய காரிலிருந்து பம்பையும் பிடுங்கி வந்தாள்.

"அப்பளத்துலகூட கிரீஸ் வாசனை அடிக்கறது" என்றார் கணவர் ரமணன்.

"அப்போ பொரிக்க எண்ணெய் மிச்சம்."

சோதனை ஓட்டத்துக்கு அவரையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள். வலப்பக்கம் ஒரு குளம் வந்தது. இடப்பக்கம் ஒடித்தாள். ஜீப் வலப்பக்கம் திரும்பி நேராகக் குளத்தில் இறங்கியது. இடுப்பளவு பாசியில் ரமணன் ராமநாமம் சொன்னார். "தீதி, ரெண்டு எண்ணெய்க் குழாயையும் இடம் மாத்தி மாட்டிட்டேன்" என்று கரையிலிருந்து வங்காள மொழியில் ஒப்புக்கொண்டார் சுஜித்.

ஜீப்பைக் கரையேற்றிக் குழாய்களைச் சரியாக மாட்டியதும் ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. "எங்கே, நானும் ஒரு தடவை பார்க்கறேன்" என்று ஈர பேண்ட்டோடு ஏறிய ரமணன், சாப்பாட்டு நேரம் தாண்டியும் இறங்கவில்லை.

"போறும், இறங்குங்கோன்னா! அது என் வண்டி!" என்று கரையில் நின்று கத்தினாள் ரங்கநாயகி.