லைவ்வில் வைத்த இடது கால்

லைவ் போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. ஸ்டாண்டு, விளக்கு, மைக், இரண்டு போன். கல்யாணமா, காதுகுத்தா, கடைத் திறப்பா, பினாங்கில் எங்கே கூப்பிட்டாலும் போவேன். "இதுல என்ன லா இருக்கு, ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதானே" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தத் தொழிலில் நொந்து நூலான என் இனமே, கேளுங்கள்.

சத்தமில்லாத பிரியாணி

சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், புதுப் பிரியாணிக்கு லைவ் வேண்டும் என்றார். சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, தம் உடைப்பதைப் படம் பிடிக்க நான் அடுப்படிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து பாய் மைக்கைத் தடவிப் பார்த்து, தெரியாமல் அணைத்துவிட்டார். அப்புறம் மசாலா, கறி, அவர் அத்தா சொல்லிக்கொடுத்த பக்குவம் என்று உருகி உருகிப் பேசினார். ஒரு சொல்லும் வெளியே போகவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் கத்தப்போகிறார் என்று நினைத்தால், போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சத்தம் வரலன்னு ஒருத்தர்கூட எழுதலயேம்மா. சூப்பர், சூப்பர்னு எழுதியிருக்காங்க. அப்ப எதைத்தான் பார்த்தாங்க?"

மாமியார் திருப்பிய போன்

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பத்து காவான் என்ற ஊரில்தான் அந்தச் சிரிப்பு போனது.

அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. மாப்பிள்ளை தினேஷ். பெண் கவிதா, பைராம் தோட்டத்துப் பிள்ளை. காலையில் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. பிற்பகல், பெண் வலது காலை எடுத்து வைத்துப் புகுந்த வீட்டுக்குள் வர வேண்டும். அதைத்தான் லைவ் போடச் சொன்னார்கள், முக்கியமாகத் தினேஷின் பெரிய அத்தைக்காக. முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு ஈப்போவில் படுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான்.

வரவேற்பறையில் போனை வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு, காரிலிருந்து பேட்டரி எடுத்துவரப் போனேன். திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா போனைத் திருப்பி, செல்ஃபி கேமராவுக்கு மாற்றிவிட்டார். ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கப்போகிறவர், பட்டுப்புடவை எப்படி இருக்கிறது என்று திரையில் பார்க்க வேண்டாமா? அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். மாற்ற நேரமில்லை. "ஏம்மா திருப்பினீங்க?" என்றதற்குத் தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஊரே என்னைப் பாக்குது லா, நான் மட்டும் என்னைப் பாக்கக் கூடாதா?"

ஈப்போவிலிருந்து வந்த தீர்ப்பு

கவிதா உள்ளே வந்தாள். லைவ்வில் ஒருவர் "இடது கால்!" என்று எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, மள மளவென்று ஏறிக்கொண்டே போனது. அத்தையின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். "இடது காலை வச்சு வந்திருக்கா. குடும்பத்துக்கு ஆகாது. பொண்ணை அவ அம்மா வீட்டுக்கே அனுப்புங்க, வேற நல்ல நாள் பாத்துக் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

வாசலில் நின்ற கவிதாவின் அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. கல்யாணத்தன்றே பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? "வலது காலைத்தான் வச்சேன்" என்று கவிதா சொன்னாள். யார் காதில் விழுந்தது! கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்த தினேஷ்கூட, "இத்தனை பேரு பாத்திருக்காங்களே" என்று முனகினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே நாலு வாங்கு வாங்கியிருப்பேன். கவிதாதான் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அக்கா, நான் எந்தக் காலை வச்சேன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீங்களாவது பாத்தீங்களா?"

முந்தானை

நான் எங்கே அவள் காலைப் பார்த்தேன்? எல்லாரையும் போல நானும் திரையைத்தான் பார்த்தேன். பதிவை மறுபடி ஓட்டினேன். இடது கால்தான். இன்னொரு தடவை ஓட்டினேன். இந்தத் தடவை காலை விட்டுவிட்டு மேலே பார்த்தேன். கவிதாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. மாமியாரின் முந்தானையும் வலது தோளில். நிமிர்ந்து அறையைப் பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் முந்தானை இடது தோளில்தான். அடக் கடவுளே! செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டியிருக்கிறது.

பதிவில் அந்தக் காட்சியைப் படமாக எடுத்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு, அத்தையைப் போனில் கூப்பிட்டேன். "அம்மா, காலை விடுங்க. உங்க தம்பி சம்சாரம் முந்தானையை எந்தத் தோள்ல போட்டிருக்காங்கன்னு பாருங்க" என்றேன். "ஐயையோ" என்றார் அத்தை. "பிள்ளையைச் சாமி விளக்கு ஏத்தச் சொல்லுங்க" என்று உடனே போனை வைத்துவிட்டார். அன்றைக்கெல்லாம் தன் புடவையையே திரையில் பார்த்து ரசித்த மாமியார், தன் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீடு மறுபடி கலகலத்தது. பாலும் பழமும் வந்தன. தினேஷ் அசடு வழியச் சிரித்துக்கொண்டே வந்து, "அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றான். கவிதா சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்: "புடவையைப் பாத்ததும் நம்பிட்டீங்க. உங்க கையைப் பிடிச்சுட்டு வந்த நான் சொன்னப்ப நம்பலையே."

இப்போதெல்லாம் போனை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட்டுத்தான் பேட்டரி எடுக்கப் போகிறேன். ஒரு பெண் வாயால் சொன்னால் எடுபடாத வீட்டில் கேமராவாவது நேராக இருக்கட்டும்.