வில்வமா, நாமமா, ஆர்.என்.ஏ.வா

அந்தக் காலத்தில் ஏப்ரல் மாதம் வந்தாலே தற்காலிக ஆசிரியைகளுக்குப் பயம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தைக் கோடை விடுமுறைக்குப் பூட்டும்போது எங்களையும் வெளியே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஜூனில் மனமிருந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த நானும் ஒவ்வொரு வருடமும் இப்படிப் போய்த் திரும்பியவள்தான். காட்டூரில் என் அப்பா, "உன் வேலையும் நம்ம வயலு மாதிரிதான், கோடையில காஞ்சு கெடக்கும்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், பள்ளிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நெற்றியில் தென்கலை நாமம் ஒருநாளும் கலையாத மனிதர். அறிவியலில் அவருக்கு ஒரே ஒரு அபிப்பிராயம் உண்டு. எல்லாம் நம் பெரியவர்கள் அன்றே சொன்னதுதான்.

"கண்காட்சிக்கு ஜில்லா கல்வி அதிகாரி வரார். பேர் சொல்றாப்பல ஒண்ணு பண்ணி வையுங்கோ. உங்களை நிரந்தரம் பண்றதைப் பத்திக் கமிட்டியில பேசலாம்" என்றார்.

எரிமலை செய்திருக்கலாம். காகிதத்தில் மலை, உள்ளே ஊதுவத்தி, மேலே புகை. எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் எனக்கு அப்போது தலைக்கனம். நான் படித்த திருச்சிக் கல்லூரி நூலகத்தில், வெளிநாட்டு இதழ் ஒன்றில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாக்டீரியாவுக்குள் புரதம் தயாராகும்போது, அமினோ அமிலங்களைச் சுமந்துபோக ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் உண்டு. காந்தி மார்க்கெட்டில் கூலியாள் தலையில் மூட்டையைத் தூக்கி வைப்பதுபோல, ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் அதற்குரிய ஆர்.என்.ஏ.வின் மேல் ஏற்றிவிட ஒரு நொதி இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை தெரிந்த, மூட்டை சுமக்கும் இந்த ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் ஒரே அச்சு. மேலே ஒரு காம்பு, கீழே மூன்று மடல். மூட்டை ஏறும் இடம் அந்தக் காம்பின் நுனி. அத்தனை பேரும் ஒரே ஜாடையில் இருந்தும் நொதி தன் ஆளைச் சரியாகப் பிடித்துவிடுகிறது. எதைப் பார்த்துப் பிடிக்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. பொதுவான அந்த உருவத்தை மட்டும் பார்த்து அல்ல என்பது நிச்சயம்.

இடுப்புயரத்துக்குக் கம்பியை வளைத்துக் காகிதக்கூழ் அப்பினேன். "ஒரே உருவம், வேறு வேறு ஆள். நொதி எப்படி அடையாளம் காண்கிறது?" என்று அட்டையில் எழுதி அடியில் வைத்தேன். பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வரும் ஓவிய ஆசிரியரிடம் வண்ணம் பூசித் தரச் சொன்னேன். மூன்று இலை மாதிரி இருக்கும் என்று நான்தான் விளக்கம் சொல்லித் தொலைத்தேன். இலை என்றால் பச்சைதானே என்று அவர் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு அடித்த பெயின்ட்டில் மிச்சமிருந்ததைப் பூசிவிட்டார்.

செயலாளர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது வில்வமோன்னோ?"

"இல்லீங்க சார். ஆர்.என்.ஏ. பாக்டீரியாவுல இருக்கிறது."

"ரங்கநாதர் சந்நிதி இருக்கற ஊர்ல, சிவனுக்குச் சாத்தற இலையை நடுக்கூடத்துல நிறுத்தியிருக்கேள்." சற்று யோசித்தார். "உங்க ஜாகை எங்கே?"

"திருவானைக்காவலுங்க."

"அதானே பார்த்தேன்" என்றார்.

திருவானைக்காவலில் சிவன் கோயில் இருக்கிறது என்பதற்காக நான் அங்கே குடியிருக்கவில்லை. வாடகை குறைவு என்பதற்காகக் குடியிருந்தேன். அதை அவரிடம் சொல்லி என்ன பயன்? நொதி தன் ஆளைக் கண்டுபிடிக்க ஆயிரம் நுட்பம் பார்க்கிறது. இவருக்கு விலாசம் போதும். நிரந்தர வேலை கையைவிட்டுப் போவது என் கண்ணெதிரே தெரிந்தது.

ஓவிய ஆசிரியர்தான் காப்பாற்றினார். அவர் முஸ்லிம், இந்த வழக்கில் வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. "டீச்சரம்மா, இத அப்படியே தலைகீழா நிறுத்துவோமா? பச்சைய அழிச்சிட்டு வேற கலர் அடிச்சிடுறேன்" என்றார். மூலக்கூறுக்கு மேல் ஏது, கீழ் ஏது? சரி என்றேன். இரண்டு பக்க மடலுக்கும் வெள்ளை அடித்தார். நடு மடலுக்குச் சிவப்பு. காம்பு கீழே வந்து நின்றது.

மறுநாள் செயலாளர் வந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நாராயணா! பாக்டீரியாவுக்குள்ளேயும் திருமண் தரிச்சுண்டு நிக்கறானே!"

அவர் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்று மாலையே கமிட்டியின் இன்னொரு உறுப்பினர் வந்தார். ஓய்வுபெற்ற வக்கீல், வடகலை. வடகலை நாமத்துக்குக் கீழே பாதம் கிடையாது, தென்கலைக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போன விஷயம் அது. வக்கீல் தன் கைத்தடியால் காம்பைத் தட்டிக் காட்டினார்.

"இந்தப் பாதம் எதுக்கு? அறுத்து எடுத்துடுங்கோ. அப்பறம் ரொம்ப லட்சணமா இருக்கும்."

"வேண்டாம்" என்றார் செயலாளர்.

"உம்மைக் கேக்கலை ஓய். டீச்சரைக் கேக்கறேன். பாதம் இருந்தா கமிட்டியில உங்க பேரை நான் எதிர்ப்பேன், தெரிஞ்சுக்கோங்கோ."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! வில்வம் என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். நாமம் என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். காம்பை வெட்டினால் அது ஆர்.என்.ஏ.வே அல்ல, தலை இல்லாத கூலியாள்.

"அது மட்டும் நடக்காதுங்க சார். வேலை போனாலும் சரி, அதை நான் வெட்ட மாட்டேன். எல்லாமே அந்த இடத்துலதான் இருக்கு!" என்று கத்திவிட்டேன். வக்கீல் தடியை ஊன்றிக்கொண்டு வெளியேறினார். செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கண்காட்சியன்று அதிகாரி வந்தார், மாதிரியைக் கும்பிட்டார், அடுத்த மேஜையில் புகைந்துகொண்டிருந்த எரிமலைக்குப் போய்விட்டார். அட்டையில் நான் எழுதியிருந்த கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் என்னை அறைக்கு அழைத்து நிரந்தர நியமன உத்தரவைக் கையில் கொடுத்தார். கமிட்டியில் வக்கீலோடு மல்லுக்கு நின்றாராம். சந்தோஷத்தில் எனக்கு எழுத்தே தெரியவில்லை.

"பாதத்தை விட்டுக்கொடுக்கலையே நீங்க! நம்மவாளே பல பேர் பயந்து வழிஞ்சிருப்பா. உங்களை ஆனைக்காவல்னு நெனச்சேனே, என் புத்தியைச் சொல்லணும்."

சந்தோஷம் சட்டென்று வடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ரசாயனத்துக்காக ஒரு வேலை கொடுங்கள் என்று இன்னும் எப்படித்தான் இவரிடம் கேட்பது?

"சார், அது பாதம் இல்லீங்க. அமினோ அமிலம் ஒட்டுற இடம். அதுக்காகத்தான் சண்டை போட்டேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்மா. வெளியில கேட்டா அப்படியே சொல்லுங்கோ."